நாலு டம்ளர் வாக்குமூலம்

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் கேனிலிருந்து தொடங்கியது. படிமம், குறியீடு என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். நிஜமாகவே இருபது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன். ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், என் தங்கையின் அறை வாசலில், முக்காலி மேல் இருக்கிறது. அடியில் குழாய். பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய எவர்சில்வர் டம்ளர். சங்கிலி ஒரு முழம்தான். டம்ளரைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போக முடியாது, அங்கேயே நின்றுதான் குடிக்க வேண்டும்.

தங்கை அங்கே பாதுகாப்பு அலுவலர். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களுக்காக அரசாங்கம் உண்டாக்கிய பதவி அது. ஒரு நாள் போன் செய்தாள்.

"அண்ணா, உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு விஷயம் சொல்றேன். எங்க வாசல்ல இருக்கிற கேன் தினம் மூணு மணிக்குள்ள காலி ஆயிடுது."

"வெயில்."

"இரு, முழுசாக் கேளு. பதினோரு நாளா எங்க வருகைப் பதிவேட்டுல ஒரு கையெழுத்து கிடையாது. ஒருத்தர்கூட உள்ள வரல. நான் வீட்டுல இருந்து பாட்டில் கொண்டு வர்றேன். ஸ்டாம்பக்கா தண்ணியே தொட மாட்டாங்க, பிளாஸ்க் டீதான். அப்ப இருபது லிட்டரை யாரு குடிக்கிறா?"

ஸ்டாம்பக்கா அவளுடைய அலுவலக உதவியாளர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். முத்திரை குத்துவதில் அவருக்கு இருக்கும் ஆசையால் வந்த பெயர். ஒருமுறை தங்கையின் சாப்பாட்டு டப்பா மூடியிலும் 'பெறப்பட்டது' என்று குத்திவிட்டார்.

நான் தாளும் பேனாவும் எடுத்தேன். டம்ளர் இருநூறு மில்லி. இருபது லிட்டருக்கு நூறு டம்ளர். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது. அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு ஒரு டம்ளர்.

"குழாய் ஒழுகுதான்னு பாரு. அடியில பேப்பர் விரி."

"விரிச்சாச்சு. காய்ஞ்சு கிடக்கு."

"கேன்ல விரிசல்?"

"புதுக் கேன்."

"ஒருவேளை ஆவியாகி—"

"அண்ணா, நான் போனை வைக்கிறேன்."

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: *இடி இடித்தது. இருண்ட அறையின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் விசும்பி—*

தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

"யாரு இது?"

"பாதிக்கப்பட்ட பெண்."

"எங்ககிட்ட வர்றவங்க மூலையில உக்காந்து விசும்புறதில்லண்ணா. பிள்ளையோட தடுப்பூசி அட்டை, கரண்ட் பில்லு, செருப்பு தைக்கக் குடுத்த சீட்டு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவந்து, 'எத்தனை ஜெராக்ஸ் வேணும்'னு கேப்பாங்க. முதல்ல அந்த இடியை எடு."

எடுத்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: *அரசு என்பது மாபெரும் இயந்திரம். அதன் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று—*

"இதைக் குத்தி அனுப்பிடவா மேடம்?" என்று, தங்கையின் மேசையில் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஸ்டாம்பக்கா கேட்டாராம். படிக்காமலேயே.

[சரி, பற்சக்கரத்தை விடுகிறேன். ஆனால் அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் வருகிறார். பாதுகாப்பு அலுவலர் முப்பத்திரண்டு கேள்வி உள்ள ஒரு படிவத்தை எடுத்து, கேட்டுக் கேட்டு எழுதுகிறார். அந்தப் பெண் கையெழுத்துப் போடுகிறார். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகிறது. அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, வேறு ஊருக்கு இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போடலாம். தங்க இடம், மருத்துவர், வக்கீல் எல்லாம் உண்டு. நான் விசாரித்தேன்: வக்கீல் உட்பட எல்லாரும் கூப்பிட்டால் வருகிறார்கள். ஆக, இயந்திரத்தில் பழுதில்லை. ஆனால் அதை ஓடவைக்கும் பொத்தான் ஒன்றே ஒன்று: அந்தப் பெண் அறைக்குள் வந்து நாற்பது நிமிடம் உட்கார வேண்டும். பதினோரு நாளாக அந்தப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.]

தொடக்கம் மூன்று: *பலகை எட்டடி நீளம்.*

இது நிற்கட்டும். ஏனென்றால் உண்மை. 'குடும்ப வன்முறைத் தடுப்பு, பாதுகாப்பு அலுவலகம்' என்று சிவப்பு எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒன்பது அங்குலம் இருக்க வேண்டும், தெருவிலிருந்தே தெரிய வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றறிக்கை. கீழே சின்னதாக, 'அஞ்ச வேண்டாம், உள்ளே வாருங்கள்.' அந்த வரி தங்கையின் சொந்தச் சரக்கு. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

3

ஒரு செவ்வாய்க்கிழமை கையில் செய்தித்தாளோடு போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வராந்தா எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் வரிசையாக அறைகள். மறுபக்கம் இடுப்பளவு சுவர். சுவருக்கு அப்பால் கீழே வண்டிகள் நிறுத்தும் முற்றம். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் மேலே யார் எந்த அறைக்குள் நுழைகிறார்கள் என்பது கண்ணாடித் தொட்டிக்குள் மீன் போவதுபோலத் தெரியும். தங்கையின் அறைக்குப் பக்கத்து அறை பிறப்பு இறப்புப் பதிவு. வராந்தாவின் அந்தக் கோடியில் ஓய்வூதியப் பிரிவு. அதன் வாசலிலும் ஒரு கேன். அதே கடைத் தண்ணீர், அதே முக்காலி, அதே சங்கிலி.

மூன்று மணிக்கு அங்கே போய்ப் பார்த்தேன். ஓய்வூதியக் கேனில் இரண்டு விரல் அளவுதான் குறைந்திருந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரே வெயில், ஒரே வராந்தா. ஒன்று நிறைந்திருக்கிறது, ஒன்று காலி. ஆக, குடிக்கிறவர்களுக்கு வேண்டியது தண்ணீர் இல்லை.

நடந்தது இதுதான். பதிவு அறையில் டோக்கன் வாங்கும் பெண்களுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அவர்கள் வராந்தாவில் மெல்ல நடப்பார்கள். எட்டடிப் பலகையின் முன்னால் நிற்பார்கள். படிப்பார்கள். சுவரைத் தாண்டிக் கீழே ஒரு பார்வை. உடனே டம்ளரை எடுப்பார்கள். மெதுவாக, மிக மெதுவாக, டம்ளர் விளிம்புக்கு மேலே கண்ணை வைத்து அறைக்குள் பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்தவர்.

[லாரி ஓட்டுநர் ஒருவர் ஆறு டம்ளர் குடித்தார். அவருக்கு நிஜத் தாகம். கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.]

உள்ளே வர வேண்டியவர்கள்தான் வாசலில் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். புதிர் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை; முதல் பூட்டைத் திறந்தால் உள்ளே அதைவிடப் பெரிய பூட்டு.

4

கதைக்கு ஓர் ஆள் வேண்டும். இருந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'நாலு டம்ளர்' என்று பெயர்.

முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர்; கணவர் சொல்லி நிறுத்திவிட்டார். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார், நின்றபடியே நாலு டம்ளர் குடிப்பார். ஒரு மனுஷியால் அப்படித் தொடர்ந்து குடிக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம். இந்தப் பாத்திரத்தை இரண்டு டம்ளராகக் குறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டில் குடித்துப் பார்த்தேன். மூன்றாவதிலேயே தொண்டையில் நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"எழுதுறேன்."

"சரி, தரையைத் துடைச்சிட்டு எழுதுங்க."

நான் பெஞ்சில் இருந்த அந்தச் செவ்வாயும் அவர் வந்தார். தங்கை கதவுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். ஸ்டாம்பக்கா குழாயை ரிப்பேர் பார்ப்பதுபோலக் குனிந்து நின்றார். டம்ளர் வாயருகே இருந்ததால் கீழேயிருந்து பார்க்கிறவருக்கு அவர் குடிப்பதாகத்தான் தெரியும்.

முதல் டம்ளர்: "கீழ ஹெல்மெட்டோட நிக்கிறாரே, அவர்தான்."

இரண்டாம் டம்ளர்: "கல்யாணமாகி ஆறு வருஷம்மா, அஞ்சு வருஷமா அடி."

மூன்றாம் டம்ளர்: "இந்த மாசக் கடைசியில வேலை மாத்தல்னு ரொம்பத் தூரத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு, அங்க எனக்கு ஒரு ஈ காக்கா தெரியாது."

நாலாம் டம்ளர்: "அதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?"

"முடியும்," என்றாள் தங்கை கதவுக்குப் பின்னாலிருந்து. "உள்ள வாங்க. நாப்பது நிமிஷம் போதும்."

"உள்ள வந்தா பலகை அவருக்கும் தெரியுமேம்மா."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

[ஹெல்மெட்டைப் பற்றி: அந்த மனிதரின் முகத்தை என்னால் வர்ணிக்க முடியாது, ஏனென்றால் அவர் அதைக் கழற்றவே இல்லை. கண் சிவந்திருந்தது, மீசை துடித்தது என்று எழுதினால் அது என் கற்பனை. வண்டியை விட்டுவிட்டு மேலே வந்தால் யாராவது காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் படி ஏறுவதில்லை. ஊரில் எல்லாரும் கெட்டவர்கள் என்று நம்புகிறவர்.]

செவ்வாய் ஏன்? அன்றுதான் அந்தக் கணவருக்கு விடுமுறை. மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பாக ஏறியிருந்தது. புது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதைத் திருத்தியாக வேண்டும். அதற்காக அவரே மனைவியை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்.

எனக்கு மறுபடியும் தாளும் பேனாவும். படிவத்தில் முப்பத்திரண்டு கேள்வி. டம்ளருக்கு ஒரு வாக்கியம். ஒரு வருகைக்கு நாலு. ஆக எட்டுச் செவ்வாய் வேண்டும். மாதத்தில் மீதி இருந்தது இரண்டு.

"மேடம், பெரிய டம்ளரா வாங்கி வச்சா?" என்றார் ஸ்டாம்பக்கா.

"வச்சா?"

"வாக்கியம் நீளமாச் சொல்லலாம்ல."

நான் அதையும் கணக்குப் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு லிட்டர் சொம்பு வைத்தால் சமாளிக்கலாம். அந்தப் பெண்ணின் வயிறுதான் சமாளிக்காது.

5

இப்போது ஒரு தவறு நடக்கிறது. என் தங்கை செய்தது. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவள் யோசித்தது இப்படி: சான்றிதழ் கிடைக்காமல் ஹெல்மெட் ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார். ஆக, சான்றிதழ் தாமதமானால் செவ்வாய்க்கிழமைகள் கூடும். தாமதத்துக்குப் பஞ்சமே இல்லை. பதிவு அறை எழுத்தருக்குக் கட்டடம் முழுக்க 'நாளைக்கு வாங்க' என்றுதான் பெயர். பதினெட்டு வருட சர்வீசில் அவர் எதையும் கேட்ட அன்று கொடுத்ததில்லை. சும்மா விட்டிருந்தாலே போதும். தங்கை சும்மா விடவில்லை. பக்கத்து அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பாப்பா பேர்த் திருத்தம் ஒண்ணு இருக்குல்ல..."

"ஆமா."

"அதைக் கொஞ்சம் மெதுவாப் பண்ணீங்கன்னா உதவியா இருக்கும்."

"மெதுவாவா?"

"இல்ல, எப்பவும் போல."

நாளைக்கு வாங்க பேனாவை மூடினார். "எப்பவும் போலன்னா என்னம்மா அர்த்தம்?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வருகிற பெண்ணைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அவள் வேலையின் விதி. வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

அன்று மத்தியானமே நாளைக்கு வாங்க, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ரோஷத்தில் ஒரு வேலையை முடித்தார். பெயரைத் திருத்தினார். அச்செடுத்தார். கையெழுத்து வாங்கினார். யாரும் கேட்காமலேயே லேமினேஷன் போட்டார். விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அவரே போன் செய்து, "ரெடியா இருக்கு, எப்ப வேணாலும் வாங்கிக்கலாம்" என்றும் சொல்லிவிட்டார். அந்த எண் ஹெல்மெட்டுடையது.

தங்கை எனக்குப் போன் செய்தபோது இந்தக் கதையில் முதல் தடவையாக நான் கணக்குப் போடவில்லை.

"அடுத்த செவ்வாய் வந்து வாங்கிட்டு, வியாழக்கிழமை லாரி ஏத்துறதா அவரு போன்லயே சொன்னாராம். அஞ்சு நிமிஷ வேலைண்ணா. ஒரு டம்ளர் குடிக்கக்கூட நேரம் இல்ல. நான் கெடுத்துட்டேன்."

6

அவளைத் தேற்ற மூன்று முடிவுகள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வேறு எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது.

முடிவு அ: *சைரன் ஒலிக்கப் போலீஸ் ஜீப் முற்றத்தில் சீறிப் பாய்ந்து நிற்க, ஹெல்மெட் வெலவெலத்து—*

"ஜீப் போனதுக்கப்புறம் அந்தம்மா அவரோடதான் வீட்டுக்குப் போகணும். அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்க?"

எழுதவில்லை.

முடிவு ஆ: *அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அண்ணாந்து பலகையைப் படித்தார். கண்கள் பனித்தன. 'நான் எவ்வளவு பெரிய—'*

"எழுத்து ஒன்பது அங்குலம் தம்பி," என்றார் ஸ்டாம்பக்கா. "ஒவ்வொரு செவ்வாயும் அதைப் படிச்சுக்கிட்டுதான் நிக்கிறாரு. ஒண்ணும் பனிக்கல."

முடிவு இ: *பலகையைக் கழற்றிவிடுகிறார்கள்.* இதை அவர்கள் உடனே தள்ளவில்லை. ஸ்டாம்பக்கா ஏணி எங்கே இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஆனால் கழற்ற அனுமதி கேட்டு எழுதினால் பதில் வர ஒரு வருடம். அதோடு பலகை செய்தது என்ன தப்பு? இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே அந்தப் பெண்களுக்கு அதைப் படித்துத்தான் தெரிகிறது. சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்கிறது. கேட்கக் கூடாதவருக்கும் கேட்கிறது, அவ்வளவுதான் தொல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பொருள் இரண்டு வேலை செய்து, ஒன்று மற்றதைக் கெடுக்கிறது என்றால், இரண்டையும் பிரித்து வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். தைக்கிற இயந்திரமோ தண்ணீர்க் குழாயோ, எதிலும் இதுதான் வழி. பலகையின் வேலை அறிவிப்பது. நாற்காலியின் வேலை உட்கார வைப்பது. இரண்டும் ஒரே வாசலில் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

"சட்டப் புத்தகத்தைக் கொடு."

தங்கை கொடுத்தாள். மூவரும் படித்தோம். வாக்குமூலத்தைப் பாதுகாப்பு அலுவலர் எழுத வேண்டும் என்று இருந்தது. எந்த அறையில், எந்த நாற்காலியில் என்று ஒரு சொல்லும் இல்லை.

"அடப்பாவிகளா," என்றார் ஸ்டாம்பக்கா. யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

7

தங்கை மறுபடியும் பக்கத்து அறைக்குப் போனாள். இந்த முறை நானும் கூடப் போனேன்.

"சார், செவ்வாய்க்கிழமை உங்க மூணாம் மேசை எனக்கு வேணும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

நாளைக்கு வாங்க மூன்றாம் மேசையில் கிடந்த கோப்புகளை ஒதுக்கத் தொடங்கினார்.

"அந்தம்மா தண்ணி குடிக்கிறதை நானும்தான் பார்க்கிறேன். என்னமோ இருக்குன்னு தெரியும், என்னன்னு தெரியல. அன்னிக்கே கண்ணைக் காட்டியிருந்தா பத்து வருஷம் லேட் பண்ணியிருப்பேனேம்மா."

"தப்பு என்மேலதான் சார்."

"லேமினேஷன் வேற போட்டுட்டேன்," என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

செவ்வாய் வந்தது. நாலு டம்ளர் படியேறி வந்து பதிவு அறையில் டோக்கன் எடுத்தார். நாளைக்கு வாங்க வராந்தாச் சுவரோரம் வந்து முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாப்பாவோட அப்பாவா? தாயார் சரிபார்ப்பு ஒண்ணு பாக்கி இருக்கு. முக்கால் மணி ஆகும்."

"ரெடின்னு சொன்னீங்களே!"

"ரெடிதான். சரிபார்க்கணும்ல?"

"நான் வரணுமா?"

"தந்தை சரிபார்ப்புக்குத் தனி டோக்கன். நாளைக்கு வாங்க."

ஹெல்மெட் வண்டியைவிட்டு அசையவில்லை. அசைய வேண்டிய அவசியமும் இல்லை. மூன்றாம் மேசை வராந்தாப் பக்கத்துச் சன்னலோரம் இருந்தது. பிறப்பு இறப்புப் பதிவு என்ற பலகையின் கீழ் மனைவி உட்கார்ந்திருப்பதும், ஓர் அலுவலர் ஏதோ கேட்பதும், எழுதுவதும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அலுத்துப்போய்க் கொட்டாவி விட்டிருக்க வேண்டும். ஹெல்மெட் ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கியது.

முப்பத்திரண்டு கேள்வி. முப்பத்தெட்டு நிமிடம். இருபதாம் கேள்வியில் நாலு டம்ளர் அழுதார். தங்கை படிவத்தைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் படிப்பதுபோல அவர் முகத்தை மறைத்துக் கொடுத்தாள். கடைசியில் ஸ்டாம்பக்கா வந்து ஒரே ஒரு முத்திரை குத்தினார். நேராக, சரியான இடத்தில். படிவம் அன்று மத்தியானமே நீதிமன்றத்துக்குப் போனது. புதன்கிழமை விசாரணைக்கு வந்தது.

8

நீதிபதி என்ன சொன்னார்? வியாழக்கிழமை லாரி வந்ததா? அதில் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை?

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அழகுக்காக முடிவை மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுதினால் அதை நீங்கள் மட்டுமா படிப்பீர்கள்? ஹெல்மெட்டுக்கும் எழுதப் படிக்கத் தெரியும். உங்களுக்குத் தோன்றுகிற முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாகவே வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. யாரிடமும் விலாசத்தோடு சொல்லாதீர்கள்.

"அண்ணா, வழியை எழுதினா அதுவும் வெளிய தெரிஞ்சிடாதா?" என்று தங்கை கேட்டாள்.

"எழுதட்டுமா வேண்டாமா?"

யோசித்தாள். "எழுது. வேற ஆபீஸ்காரங்க படிப்பாங்க. ஆனா மேசை நம்பரை மாத்திடு."

மாற்றிவிட்டேன். பிறப்புப் பதிவு என்று நான் எழுதியிருப்பது பிறப்புப் பதிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செவ்வாயும் அப்படியே. ஆனால் எப்படி இயங்குகிறது என்பதை மாற்றவில்லை. அது இது:

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு, அந்த மாடியில் எந்த வேலைக்காக டோக்கன் எடுத்தாலும், ஒவ்வொரு பெண்ணையும் 'சரிபார்ப்பு' என்று ஒரு மேசைக்குத் தனியாகக் கூப்பிடுகிறார்கள். அந்த மேசைக்கு மேல் பலகை கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் பாதுகாப்பு அலுவலர். பெயரைக் கேட்கிறார், பிறகு மெதுவாக, "வீட்டுல ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்பவர் ஒரு நிமிடத்தில் எழுந்து போகலாம். இருக்கிறது என்பவர் நாற்பது நிமிடம் இருக்கலாம். எல்லாரும் அந்த மேசைக்குப் போவதால், யார் எதற்காகப் போகிறார்கள் என்று கீழே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது.